தேய்மானம் பூஜ்யம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் 'தேய்மானம்'. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் யாரோ வாய் தவறி நேரிலேயே "தேய்மானம் சார், டீ வந்துருச்சு" என்று கூப்பிட, அவரும் திரும்பிப் பார்த்துவிட்டார். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய வேலை ஒரு பொருளை இன்னொரு பொருளோடு உரசுவது. அதையும் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரிக் குளிரில் உரசுவது. அதற்கென்று ஒரு எஃகுப் பானை இருந்தது. பானைக்குள் ஒரு தட்டு சுழலும். தட்டின் மேல் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குச்சி அழுந்தி நிற்கும். பானை நிறையத் திரவ நைட்ரஜனை ஊற்றினால் அது அடுப்பில்லாமலே கொதிக்கும். விளிம்பைத் தாண்டி வெண்புகை தரைக்கு வழியும். எட்டு மணி நேரம் தட்டு சுழல, குச்சி உரசிக்கொண்டிருக்கும். பிறகு அவர் குச்சியை எடுத்து, பனி படியாமல் பொறுமையாகச் சூடேற்றி, மூச்சு விட்டால்கூட முள் ஆடுகிற தராசில் வைத்து எடை போடுவார். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு தேய்மானம். திரவ வாயுவைக் கையாளும் ஆலைகளும் டேங்கர் லாரி செய்பவர்களும் அந்த எண்ணுக்காகத்தான் அவரிடம் வந்தார்கள்.

அந்தக் குளிரில் பொருள்களுக்கெல்லாம் குணம் மாறிவிடும். ரப்பர் கண்ணாடியாகித் தட்டினால் நொறுங்கும். எண்ணெய் கல்லாகும். ஒட்டாத வாணலியில் பூசுவார்களே, அந்த வழுக்குப் பிளாஸ்டிக் போல ஒன்றிரண்டுதான் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும். இருபத்திரண்டு வருடமாக அவர் இதையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுக்கவில்லை.

அவருடைய மனைவிக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர், அதாவது அவருடைய சகலை, கிரீஸ் விற்பவர். சைக்கிள் செயின், கதவுக் கீல், லாரி அச்சு என்று எதற்கு வேண்டுமானாலும் அவரிடம் ஒரு டின் இருக்கும். இரண்டு மருமகன்களையும் வெளியாளிடம் அறிமுகம் செய்யும்போது மாமனார் வழக்கமாக ஒன்று சொல்வார்.

"மூத்தவரு உரசுவாரு. சின்னவரு உரசாம இருக்கிறதுக்கு கிரீஸ் விப்பாரு."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். சின்னவரும் சிரிப்பார். தேய்மானம் மட்டும், "அப்படிச் சொல்ல முடியாது மாமா, கிரீஸ் போட்டாலும் உராய்வு இருக்கும், குறையும், அவ்வளவுதான்" என்பார். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சகலை ஒரு நீல டின்னோடு வந்தார். டின்னின் மேல் ஒரு சிங்கம் பனிப்பாறையில் நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தில் கம்பளித் துண்டு.

"பனிச்சிங்கம்" என்றார் சகலை. "எப்படி இருக்கு?"

"பனியில சிங்கம் ஏது?"

"கரடியத்தான் போடலாம்னு இருந்தேன். அதை வேற ஒரு கம்பெனிக்காரன் வச்சிருக்கான். புலி டயர்காரன்கிட்ட இருக்கு. மிச்சம் இருந்தது சிங்கம்தான். குளிருக்குத்தான் துண்டு போட்டிருக்கோமே."

தேய்மானம் டின்னைத் திறந்து, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. "என்ன குளிர் வரைக்கும் தாங்கும்?"

"எந்தக் குளிருக்கும் தாங்கும்."

"எந்தக் குளிரும்னா?"

"அதைத்தான் சகலை உங்ககிட்ட எழுதி வாங்க வந்திருக்கேன். ஒரே ஒரு வரி போதும். உங்க ஆய்வுக்கூடத்து முத்திரையோட."

தேய்மானம் டின்னை மூடினார். தான் அப்படியெல்லாம் எழுதித் தர முடியாது என்றும், படிவம் இருக்கிறது, அதை நிரப்பி அலுவலகம் வழியாக வரவேண்டும் என்றும், சோதனை செய்த பிறகு என்ன வருகிறதோ அதைத்தான் எழுதுவார்கள் என்றும் விளக்கினார். சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஒரு வரிதானே கேக்கிறாரு. அதுக்குப் போயி இவ்ளோ பேசுறீங்க."

"ஒரு வரிங்கிறது சின்ன விஷயமில்ல."

"பரவாயில்ல அண்ணி," என்றார் சகலை, "படிவமே நிரப்பித் தர்றேன். எனக்கு என் கிரீஸ் மேல நம்பிக்கை இருக்கு."

செவ்வாய்க்கிழமை படிவம் வந்தது. 'சோதனை செய்பவருக்கும் உங்களுக்கும் உறவு உண்டா?' என்ற இடத்தில் சகலை 'மிகவும் நல்ல உறவு' என்று எழுதியிருந்தார். ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அம்மா அதைப் படித்துவிட்டுத் தேய்மானத்தைக் கூப்பிட்டார்.

"உங்க சொந்தக்காரர்ன்னா வேற யாராவது பண்ணட்டுமே."

"வேற யாரும் இல்லையே மேடம். அந்தப் பானையை ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

"சரி. பண்ணுங்க. சொந்தக்காரர்ங்கிறதுக்காக ஒரு புள்ளி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை அவர் தட்டின் மேல் பனிச்சிங்கத்தை அளவாகப் பூசினார். குச்சியை எடை போட்டார்: நான்கு கிராம், சில்லறை, நான்கு தசமம் வரை. குச்சியைத் தட்டின் மேல் இறக்கி, நைட்ரஜனை ஊற்றினார். பானை கொதித்து அடங்கியது. விசையைத் தட்டினார்.

மோட்டார் 'ம்ம்ம்' என்றது. தட்டு அசையவில்லை.

விசையை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி தட்டினார். மோட்டார் மறுபடி முனகியது. மூன்றாவது தடவை எங்கிருந்தோ ரப்பர் கருகிய வாசனை வந்தது. சுவரிலிருந்த ஃபியூஸ் போனது. பக்கத்து அறையில் கணினி அணைந்த யாரோ சத்தம் போட்டார்கள். மூன்று தடவை முயற்சி செய்யவேண்டும் என்பது விதி. செய்தாகிவிட்டது. பானைக்குள் எட்டிப் பார்த்தார். பனிச்சிங்கம் சிமெண்டாகி, குச்சியைத் தட்டோடு சேர்த்துக் கவ்விக்கொண்டிருந்தது.

சாயங்காலம் எல்லாவற்றையும் சூடேற்றிப் பிரித்து, குச்சியைத் துடைத்து எடை போட்டார். அதே நான்கு கிராம், அதே சில்லறை. நான்கு தசமமும் அப்படியே இருந்தது.

அறிக்கை எழுத உட்கார்ந்தார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடும் பழக்கம் அவருக்கு இல்லை. 'உராய்வு' என்ற கட்டத்தில் 'அளக்க இயலவில்லை' என்று எழுதினார். 'தேய்மானம்' என்ற கட்டத்தில் தராசு காட்டியதை எழுதினார்: பூஜ்யம். மூன்றாம் பக்கத்தில், நான்காவது குறிப்பாக, 'சோதனை நேரம் முழுவதும் தட்டு அசையவில்லை. மசகு கடினமாகிக் குச்சியை இறுக்கிவிட்டது' என்று தெளிவாக எழுதினார். இயக்குநர் அம்மா அன்று வெளியூரில் இருந்தார். அவருக்குப் பதில் கையெழுத்திட்டவர் முதல் பக்கத்தில் மட்டும் கையெழுத்திட்டார்.

அறிக்கையைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கெட்ட செய்தியை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து, தானே எடுத்துக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். மனிதர் நம்பிக்கையோடு வந்தார், அவர் மூக்கை உடைக்கவேண்டியிருக்கிறதே என்று சங்கடமாக இருந்தது.

சகலை உறையைக் கிழித்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் விளக்குப் போட்டது போல் ஆனது.

"பூஜ்யமா?"

"ஆமா. ஆனா அது..."

"தேய்மானமே பூஜ்யமா?"

"அசையவே இல்லையே சகலை. அசையாத பொருள் எப்படித் தேயும்? மூணாம் பக்கத்துல..."

சகலை உள்ளே திரும்பி, "இங்க வா, சகலை என்ன பண்ணியிருக்காருன்னு பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். மைத்துனி வந்து, அறிக்கையைப் பார்த்து, கண் கலங்கி, "இவரு எவ்ளோ நாளா இதையே நெனச்சிட்டு இருந்தாரு தெரியுமா" என்றார். தேய்மானத்தின் கையில் டீயும் பிஸ்கட்டும் திணிக்கப்பட்டன. அவர் இரண்டு தடவை மூன்றாம் பக்கத்தைப் பற்றி ஆரம்பித்தார். இரண்டு தடவையும் இன்னொரு பிஸ்கட் வந்தது. ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது நான்காவது குறிப்பை எப்படிப் படித்துக் காட்டுவது? அறிக்கை கையில்தானே இருக்கிறது, ஆற அமரப் படித்துக்கொள்வார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்.

சகலை ஆறவும் இல்லை, அமரவும் இல்லை. மூன்றே வாரத்தில் புது டின் வந்துவிட்டது. சிங்கத்தின் காலடியில் சிவப்புப் பட்டையில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: 'மைனஸ் 196 டிகிரியிலும் தேய்மானம் பூஜ்யம். ஆய்வறிக்கை எண் 417.'

அந்த டின்னைத் தேய்மானம் முதன்முதலில் பார்த்தது இயக்குநர் அம்மாவின் மேசையில்.

"உக்காருங்க" என்றார் அவர். "இதுல எழுதியிருக்கிறது பொய்யா?"

தேய்மானம் படித்துப் பார்த்தார். "இல்ல மேடம். உண்மைதான்."

"ஒவ்வொரு வார்த்தையும்?"

"ஒவ்வொரு வார்த்தையும்."

"அதான் எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. பொய்யா இருந்தா ஒரு கடிதம் போட்டா முடிஞ்சுது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஏன் பூஜ்யம்னு எழுதினீங்க?"

"தராசு அப்படித்தானே காட்டிச்சு."

"தராசு சரியாத்தான் சொல்லியிருக்கு. நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரியை எடுக்கச் சொல்லவேண்டும், இல்லையென்றால் ஆய்வுக்கூடமே எல்லாருக்கும் கடிதம் எழுதும் என்று சொல்லி அனுப்பினார் இயக்குநர் அம்மா.

அன்று மாலையே தேய்மானம் சகலை வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை பிஸ்கட்டைக் கையில் வாங்கவில்லை.

"ஷெட்டுல நிக்கிற காரோட டயர் தேயுமா சகலை?"

"தேயாது."

"அதைப் பாத்துட்டு ஷெட்டு டயரைக் காப்பாத்துதுன்னு சொல்லலாமா?"

சகலை யோசித்தார். "சொல்லலாமே. காப்பாத்துதுதானே?"

"கார் ஓடலையே."

"ஓடினாத்தான் டயர் தேயுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப தேயாம வச்சிருக்கிறது நல்லதுதானே?"

"கார் ஓடுறதுக்குத்தானே இருக்கு!" என்றார் தேய்மானம். அவர் குரலை உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மைத்துனி கதவருகில் வந்து நின்றார். சகலையின் முகம் சுருங்கிவிட்டது.

"எழுதிக் கொடுத்ததும் நீங்கதான். இப்ப வந்து கத்துறதும் நீங்கதான். அறுநூறு டின் அச்சடிச்சாச்சு. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"மூணாம் பக்கத்துல சொன்னேன்."

"பக்கத்துல சொன்னீங்க. என் முகத்தைப் பாத்துச் சொன்னீங்களா?"

தேய்மானம் எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்குள் நுழையும்போதே அவர் மனைவியின் முகத்தைப் பார்த்து, தங்கையின் போன் தனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டதைப் புரிந்துகொண்டார். அன்று சாப்பாடு மேசையில் இருந்தது; பேச்சுதான் இல்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் ஏதோ ஒரு திரவ வாயு ஆலையின் ஸ்டோர் கீப்பர். டின்னில் இருந்த ஆய்வுக்கூடத்துப் பெயரையும் அறிக்கை எண்ணையும் பார்த்துக் கூப்பிட்டதாகச் சொன்னார்.

"நாப்பது டின் வாங்கியிருக்கோம் சார். அடுத்த லோடு வாங்கலாமான்னு கேக்கத்தான்."

"எதுல போட்டீங்க?"

"வால்வுலதான். நைட்ரஜன் லைன் வால்வு ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. நேத்து போட்டாங்க. இன்னைக்கு டின்னை எடுத்துட்டு ஆக்சிஜன் பக்கம் போன மாதிரி இருந்துச்சு."

தேய்மானம் எழுந்து நின்றுவிட்டார். திரவ ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் தீப்பெட்டி தேவையில்லை. ஒரு ஸ்பேனர் தவறி விழுந்தாலே போதும். அதைச் சொன்னார். உடனே போய் நிறுத்தச் சொன்னார்.

"நான் ஸ்டோரை விட்டு நகரக் கூடாது சார். அங்க உள்ள போன் கொண்டுபோகவும் விட மாட்டாங்க. யாராவது இந்தப் பக்கம் வந்தாச் சொல்லி விடறேன்."

தேய்மானம் கார் ஓட்டுவதில்லை. ஆலைக்குப் பஸ்ஸில் போனால் மூன்று மாறவேண்டும். வேறு வழியில்லாமல் சகலைக்குப் போன் போட்டார். நேற்றுவரை இருந்த மனஸ்தாபத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிடத்தில் வேன் வந்து நின்றது. அதன் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சிங்கம் வரைந்திருந்தது. கதவைத் தள்ளியதும் 'கிறீ...ச்' என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

"உங்க வேன் கதவுக்கு கிரீஸ் போடக் கூடாதா?"

"நேரம் எங்க இருக்கு" என்றார் சகலை.

போகும் வழியில் தேய்மானம் விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை மூன்றே வாக்கியத்தில் சொன்னார். ஆக்சிஜனோடு கிரீஸ் சேர்ந்தால் பிடித்து எரியும். சில சமயம் வெடிக்கும். பக்கத்தில் இருப்பவர் பிழைக்கமாட்டார். சகலை வேனின் வேகத்தைக் கூட்டினார்.

"நான் நாசமாப் போனேன். கதவுக் கீலுக்கு வித்துட்டு இருந்தவன் சகலை நான். எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியும். வண்டியைப் பாத்து ஓட்டுங்க."

ஆலை வாசலில் காவலாளி வேனைச் சுற்றி வந்து சிங்கத்தைப் பார்த்தார். "சர்க்கஸ் எதுவும் இங்க இல்லையே" என்றார். ஆபத்து என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னதும் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், முகவரி, வாகன எண், வந்த நோக்கம், சந்திக்கவேண்டியவர், கொண்டுவந்த பொருள்கள், மூன்று பிரதி. தேய்மானம் அதை அப்படியே சகலை கையில் கொடுத்துவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து ஓடினார். ஐம்பத்தோரு வயதில் அவர் ஓடியதை அவரே நம்பவில்லை. காவலாளி விசில் ஊதிக்கொண்டு அவர் பின்னால் ஓட, படிவத்தோடு சகலை காவலாளியின் பின்னால் ஓடினார்.

குழாய்களுக்கு நடுவே தலைக்கவசம் போட்ட ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். ஆலையில் எல்லாரும் அவரை 'ஃபோர்மேன் அம்மா' என்றே அழைத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற மூன்று ஆண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆக்சிஜன் லைன்ல... கிரீஸ்... போடாதீங்க..." என்றார் தேய்மானம்.

ஃபோர்மேன் அம்மாவின் புருவம் ஏறியது. "பத்தொம்போது வருஷமா இங்க வேலை பாக்கிறேன். என்னைப் பாத்தா ஆக்சிஜன் வால்வுல கிரீஸ் தடவுற ஆளு மாதிரியா தெரியுது?"

"ஸ்டோர்ல சொன்னாங்க, டின்னு அந்தப் பக்கம் போச்சுன்னு..."

"அந்தப் பக்கம்தான் குப்பைத் தொட்டி இருக்கு. வீசிட்டு வந்தேன். நீங்க யாரு?"

தேய்மானம் தான் யாரென்று சொன்னார். சகலையும் தான் யாரென்று சொன்னார். சொல்லியிருக்கவேண்டாம்.

"ஓ, நீங்கதானா அந்தச் சிங்கம்" என்றார் ஃபோர்மேன் அம்மா. "வாங்க, வந்து பாருங்க."

நைட்ரஜன் லைனில் ஒரு பெரிய வால்வு இருந்தது. அதன் சக்கரத்தில் இரும்புக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் அசையவில்லை. வெளியே ஒரு டேங்கர் காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறதாம். முன்பெல்லாம் வால்வு இறுக்கமாகவாவது திரும்பிக்கொண்டிருந்தது. பனிச்சிங்கம் போட்ட பிறகு அதுவும் இல்லை.

"இந்த அறிக்கையை எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா."

"உண்மையைத்தான் எழுதினீங்களா?"

"உண்மைதான். கிரீஸ் கல்லாயிடும்னு மூணாம் பக்கத்துல..."

"மூணாம் பக்கம் டின்னுல ஒட்டி வரலையே." அவர் இரண்டு ஜோடி கையுறைகளை எடுத்து அவர்களிடம் நீட்டினார். "ரெண்டு பேரும் சேர்ந்துதானே மாட்டிவிட்டீங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே கழட்டுங்க."

மறுபேச்சுக்கு இடமே இல்லை. லைனை முன்பக்கம் அடைத்து, மிச்சமிருந்த திரவத்தை வெளியேற்றிய பிறகு, இருவரும் வால்வின் முன்னால் குந்தினார்கள். ஒருவர் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்ற, இன்னொருவர் மரக் குச்சியால் சுரண்டினார். பனிச்சிங்கம் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சகலை, "நல்ல சரக்குதான் போல" என்று மெல்ல முணுமுணுத்தார். தேய்மானம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்ததெல்லாம் பானை, தட்டு, குச்சி. அந்தக் குச்சி எதற்குப் பதிலாக நிற்கிறதோ அந்த வால்வை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது இதுவே முதல் தடவை. அடியில் வால்வின் உடல். அதிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மேலே போகும் கழுத்து. கழுத்தின் உச்சியில் தண்டைச் சுற்றிப் பொதிந்த வழுக்குப் பிளாஸ்டிக் வளையங்கள். அதற்கும் மேலே சக்கரம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்து முழுவதையும், சக்கரத்துக்குக் கீழே வரை, தடிமனான நுரைப் பஞ்சால் சுற்றி, அதன்மேல் வெள்ளி நாடா ஒட்டியிருந்தார்கள்.

சகலை விறைத்த கைகளை ஊதிக்கொண்டார். "நமக்குக் கை மரத்துப் போச்சு. இதுக்குப் பாருங்க, கழுத்து வரைக்கும் போர்வை."

தேய்மானம் சுரண்டுவதை நிறுத்தினார். எழுந்து பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஃபோர்மேன் அம்மாவைத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த வால்வுக்குக் கழுத்து ஏன் இவ்ளோ நீளம்னு தெரியுமா?"

"கையில குளிர் படாம இருக்க."

"அதுவும்தான். ஆனா முக்கியமா, இந்த வளையங்க குளிர்ல இருந்து தள்ளி இருக்கணும். வெளிக்காத்து இந்தக் கழுத்துல படப்படத்தான் மேல வரைக்கும் சூடா இருக்கும். பஞ்சைச் சுத்தினா குளிர் நேரா மேல ஏறிடும். வளையம் சுருங்கும், பக்கத்துல பனி கட்டும், பனித்துகளே தண்டைச் சுரண்டும். இறுகாம என்ன செய்யும்? இதுக்கு யாரு ஸ்வெட்டர் போட்டது?"

குழாயில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் இருமினார்.

"கழுத்தெல்லாம் பனி பூத்து அசிங்கமா இருந்துச்சு" என்றார் ஃபோர்மேன் அம்மா கடைசியில். "பெரிய அதிகாரிங்க பார்வையிட வந்தாங்க. அதுக்காகப் போன வருஷம் நான்தான் சுத்தினேன்."

"அப்ப தப்பு என் கிரீஸ் மேல இல்ல" என்றார் சகலை, எழுந்து நின்று.

"பாதி உங்க மேல" என்றார் தேய்மானம். "பாதி என் மேல."

"அப்ப எனக்கு?" என்றார் ஃபோர்மேன் அம்மா.

தேய்மானம் கணக்குப் போட்டுப் பார்த்தார். "மூணா பிரிச்சுக்கலாம்."

ஃபோர்மேன் அம்மா உடனே சிரிக்கவில்லை. ஒரு கத்தியை எடுத்து, வெள்ளி நாடாவை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கிழித்தார். பஞ்சு உரிந்து விழுந்தபோதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. அது வந்த பிறகு லேசில் நிற்கவில்லை.

வளையங்களை மாற்றி, எல்லாவற்றையும் துடைத்து மூடி, மூன்றரை மணிக்கு லைனைத் திறந்தார்கள். வால்வின் உடலில் வெண்பனி பூத்தது. கழுத்தில் பாதி வரை ஏறி, அங்கேயே நின்றது. உச்சியில் ஈரம்கூட இல்லை. ஃபோர்மேன் அம்மா சக்கரத்தில் ஒரு கையை வைத்து, காரின் ஸ்டியரிங்கைத் திருப்புவது போலத் திருப்பினார். உள்ளே திரவம் பாயும் சத்தம் கேட்டது. டேங்கர் ஓட்டுநர் எங்கிருந்தோ விழித்து வந்து, "முடிஞ்சுதா?" என்றார்.

திரும்பும்போது வாசலில் காவலாளி காத்திருந்தார். ஓடும்போது சகலை எங்கோ போட்டுவிட்ட படிவம் நிரப்பாமலே அவர் கையில் இருந்தது. சகலை வேனுக்குள் உட்கார்ந்து மூன்று பிரதியையும் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தேய்மானம் அறிக்கை 417-ஐத் திரும்பப் பெற்று, புதிதாக ஒன்று எழுதினார். முதல் பக்கத்தில், முதல் வரியில், 'இந்தக் குளிரில் இந்த மசகு வேலை செய்யாது' என்று இருந்தது. மற்ற எண்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தன. தேய்மானக் கட்டத்தில் 'அசையவில்லை' என்று எழுதினார். இயக்குநர் அம்மா மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்து ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மற்ற வால்வுகளையும் வந்து பார்க்க, மாதத்துக்கு ஒருமுறை இவரை அனுப்ப முடியுமா என்று ஃபோர்மேன் அம்மா கேட்டிருந்தார். அனுப்பினார்கள். வண்டி ஓட்டச் சகலை தானாகவே வந்தார். அவருக்கு அந்த ஆலை பிடித்துப்போய்விட்டது. அங்கே ஏகப்பட்ட கதவுகள் இருந்தன.

டின்களைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. விற்றவற்றைத் திரும்ப எடுத்தது போக, வீட்டில் ஐநூற்றுச் சொச்சம் இருந்தன. சிவப்புப் பட்டையை மறைக்க 'வீட்டுக் கதவு, சைக்கிள், சாதாரணக் குளிருக்கு மட்டும்' என்று நீளமான காகிதத் துண்டுகளை அச்சடித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக் கூடத்தில் அக்காவும் தங்கையும் இரண்டு சகலைகளும் வட்டமாக உட்கார்ந்து ஒட்டினார்கள். அரைமணி நேரத்தில் இருபது டின் முடிந்தது. தங்கைதான் முதலில் கவனித்தார்.

"அக்கா, நீ ஒட்டினது எல்லாம் கீழ வருது."

எல்லாரும் பார்த்தார்கள். ஒட்டிய துண்டுகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், சிங்கத்தின் காலிலிருந்து வழுக்கித் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. அடைக்கும்போது டின்னின் வெளியே கசிந்த கிரீஸ் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. தேய்மானம் ஒரு துண்டைத் திரும்ப ஒட்டி, விரலால் அழுத்தி, கையை எடுத்தார். அதுவும் இறங்கியது. இன்னொரு தடவை ஒட்டினார். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"ஒன்பது வினாடி" என்றார். பிறகு சகலையைப் பார்த்தார். "நல்ல கிரீஸ், சகலை."

சகலை பழைய துணிகளும் மண்ணெண்ணெயும் எடுத்து வர எழுந்து போனார். சாயங்காலம் வரை நான்கு பேரும் டின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.